ஈசானிய மூலைத் தண்ணீர்

தங்கபுஷ்பத்துக்கு நீச்சல் தெரியாது. அவள் கணவர் சண்முகவேலுக்கும் தெரியாது. மகன் ராம்குமாருக்குத் தெரியும், ஆனால் அவன் கல்யாணமாகி ஆழ்வார்பேட்டை அடுக்குமாடிக்குப் போய்விட்டான். அங்கே மொட்டைமாடியிலேயே நீச்சல் குளம் இருக்கிறதாம். ஆக, திருவான்மியூர் வீட்டுக் குளத்தில் இறங்க ஒரு ஆள் கிடையாது.

இறங்க நினைத்தாலும் கோடையில் முடியாது. மத்தியானம் கையை வைத்தால், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருக்கும். நாளுக்கு ஒரு விரற்கடை தண்ணீரை வெயில் குடித்துவிடும். இரண்டு நாள் மருந்து போட மறந்தால் பாசி பிடித்துத் தவளை குடிவந்துவிடும். மருந்து, வடிகட்டி, கரண்ட் பில், வாரம் ஒருமுறை வந்து பிளாஸ்டிக் குழாயை விட்டு அடியைத் துழாவிவிட்டுப் போகிற ஆள் என்று அது தின்ற தீனிக்கு இரண்டு எருமை வளர்த்திருந்தால் பாலாவது கிடைத்திருக்கும். வேப்பஞ்சருகு அள்ளியே தங்கபுஷ்பத்தின் இடுப்பு ஒடிந்துபோனதுதான் மிச்சம்.

எல்லாம் வாஸ்து பார்க்க வந்தவர் ஆரம்பித்து வைத்தது. ஈசானிய மூலையில் தண்ணீர் நிற்கட்டும், எப்போதும் குறையாமல் நிற்கட்டும், அதுவும் இந்த மண்ணில் ஊறிய தண்ணீராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது ஒரு தொட்டி. சண்முகவேல் கட்டியது குளம். கட்டிய வருஷமே தி.நகர் ஜவுளிக்கடைக்கு மேலே இன்னொரு மாடி எழும்பியது. அப்புறம் அவரிடம் யார் பேச முடியும்?

அதனால் அந்த வீட்டில் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்துவந்தது. போர் போட்டு எடுத்த சொந்தத் தண்ணீர் முழுக்கக் குளத்துக்குப் போகும். சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் லாரித் தண்ணீர். யாரும் குளிக்காத குளத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு, குடியிருக்கிற மனுஷர்கள் லாரிக்காரனுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீடு நீரஜா மாமியுடையது. அந்தத் தெருவிலேயே பழைய வீடு, மாமியின் மாமனார் வெட்டிய கிணற்றோடு இருந்தது. தெருவே தங்கபுஷ்பத்தை ஜவுளிக்கடைக்காரம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மதில் வழியாக எட்டிப் பார்த்துப் பெயர் கேட்டு, அன்று முதல் 'தங்கம்' என்று கூப்பிட்டவள் மாமி. தூரத்து ஊரிலிருந்து வந்து வாழ்கிற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாமிக்கே தெரிந்திருக்காது.

சித்திரை பிறந்த வாரத்தில் மாமி மதிலோரம் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"தங்கம், எங்காத்துக் கெணறு கரிக்க ஆரம்பிச்சுடுத்து. பருப்பு வேகமாட்டேங்கறது. காப்பி வாயில வைக்க முடியலை."

"ஐயோ, உங்க கிணறா மாமி? கல்கண்டு மாதிரில்ல இருக்கும்?"

"சமுத்திரம் இதோ பக்கத்துல இருக்கு. நல்ல தண்ணிய நாம உறிஞ்சிண்டே இருந்தா அது உள்ள வந்துடுமாம். எங்காத்துக்காரர் சொல்றார்." மாமி தயங்கினாள். "ராத்திரி பூரா உங்க மோட்டார் ஓடறது தங்கம். சொல்லப்படாதுன்னுதான் இருந்தேன். கெணறு போச்சுன்னா இந்த ஆத்த வித்துட்டுப் பெங்களூருக்கு ஷ்ரவண்கிட்டயே போயிடலாங்கறார் இவர். நேக்குப் போகவேண்டாம்."

ஷ்ரவண் அவர்களுடைய ஒரே மகன். மாமி போய்விட்டால் இந்தத் தெருவில் தன்னை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதான் தங்கபுஷ்பத்துக்கு முதலில் தோன்றியது.

"நிறுத்திருதேன் மாமி. மழை பெய்யுற வரைக்கும் மோட்டார் போடமாட்டேன். சத்தியம்."

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சை எடுத்தாள்.

"மாமி வீட்டுக் கிணறு கரிக்குதாம். குளத்துக்கு இனிமே லாரித் தண்ணி ஊத்துவோம். இல்லாட்டி சும்மா கிடக்கட்டும்."

"லாரித் தண்ணி எவன் மண்ணுத் தண்ணியோ! அதைக் கொண்டுபோயி ஈசானியத்துல ஊத்தச் சொல்லுதியா?" என்றார் சண்முகவேல்.

"அதைத்தானே நாம குடிக்கோம்? அதைத்தானே சாமி படத்துக்கு முன்னால வைக்கோம்?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? நான் மாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். அவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. "என்னமும் செய்யி. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்ட வந்து அழாத" என்று எழுந்து போனார்.

மோட்டார் நின்றது. குளத்தின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சண்முகவேல் காலையில் கடைக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் காரில் ஏறிக்கொண்டார். தங்கபுஷ்பம் பல வருஷங்களுக்குப் பிறகு சருகு அள்ளுவதை விட்டாள். ராத்திரி அந்த உறுமல் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கினாள். வைகாசி நடுவில் மாமி மதில் வழியாகக் காப்பி டம்ளரை நீட்டினாள். "குடிச்சுப் பாரு. பழைய ருசி முழுக்க வரலை, ஆனா தேவலை" என்றாள். காப்பி நன்றாகவே இருந்தது. தன் கையால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம், முகூர்த்தக் கூட்டம் நெரிகிற நேரத்தில், சண்முகவேல் கல்லாவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கடைப் பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடையாறு ஆஸ்பத்திரிக்கு ராம்குமார் வந்து சேர்ந்தபோது ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அவர் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிள்ளையைப் பற்றியோ கடையைப் பற்றியோ ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தாள்.

"குளத்துல தண்ணி எம்புட்டுக் கிடக்கு?"

"நிறையக் கிடக்கு" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அதை நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த பிறகும் நாடித் துடிப்பு சீராக இல்லை, பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார்கள். சாயங்காலம் நீரஜா மாமி கேரியரோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். ரசஞ்சாதத்தைப் பிசைந்து, "ஒரு வாய் சாப்பிடு, நீயும் படுத்துண்டுட்டா யார் பாக்கறது" என்று கையில் வைத்தாள். தங்கபுஷ்பம் அந்த வராந்தாவில் மாமியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் முற்பகலில், மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறந்ததும் குளம்தான் கண்ணில் பட்டது. பிள்ளைகளுக்கென்று கட்டிய மேட்டுப்பகுதி முழுக்க வறண்டு, ஓடுகள் வெயிலில் கண்ணைக் குத்தின. ஆழப்பக்கத்தில் பச்சையாக ஏதோ கிடந்தது. நாற்றம் அடித்தது.

அவளுக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து கிடையாது. நூல் விலை ஏறினால் ஈசானியமா, இரண்டு மாடி ஏறி இறங்கினால் வலிக்கிற நெஞ்சுக்கு ஈசானியமா என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்! அதெல்லாம் மனுஷர் நன்றாக இருந்தபோது. இப்போது அந்த வறண்ட ஓடுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கேலி வரவில்லை. வாக்குக் கொடுத்தது அவள், தண்ணீரை வற்றவிட்டதும் அவள் என்று மட்டும்தான் தோன்றியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய் சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதிலுக்கு மேல் மாமியின் முகம் தெரிந்தது.

"தங்கம், அவர் எப்படி இருக்கார்?"

"ஐசியூலதான் மாமி. நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம்."

மாமி குழாய்ப் பக்கம் பார்த்தாள். அவள் காதில் எது விழுகிறது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். மாமி சொல்லவில்லை.

"நீ குளிச்சுட்டுக் கெளம்பு. சாயங்காலம் நான் சாதம் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் கிணற்று ராட்டினம் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. வாளி இறங்கியது, ஏறியது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "அந்தப் பெரிய டிரம்மையும் கொண்டு வாங்கோ, இருக்கற பாத்திரம் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ" என்று மாமி தன் கணவரிடம் சொன்னாள். மறுபடி வாளி இறங்கியது. கரிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்தமட்டும் நல்ல தண்ணீரை இறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை அணைக்காமல், கணவரின் துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.