ஏரிக்கு முன்னால் ஓர் ஒத்திகை

கிடங்குக்காரருக்குக் குளிரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. பதினெட்டு வருஷமாகக் குளிர்கிடங்கில் பழங்களைக் கட்டிக்காக்கிற மனுஷர். எந்தப் பழத்துக்கு எத்தனை டிகிரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கட்டின மனைவி எத்தனை டிகிரி தாங்குவாள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊருக்கே டீச்சர், வீட்டிலும் டீச்சர்தான். போன வருஷம் நிமோனியா வந்து இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தவள் கேட்டது ஒன்றே ஒன்று. மலைமேல் இருக்கும் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும். அங்கே கோடையிலும் இரவில் பூஜ்ஜியம் டிகிரி, காற்று ஆளையே தள்ளும். டாக்டர் நன்றாகச் சோதித்துவிட்டு, தாராளமாகப் போகலாம் என்றார். கிடங்குக்காரருக்குத்தான் மனசு வரவில்லை. கூடாரம், கம்பளி, அடுப்பு என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக வாங்கினவர், லீவு விண்ணப்பத் தாளை மட்டும் நிரப்பாமல் நான்கு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடங்கில் காலியாக இருந்த மூன்றாம் அறையைப் பூஜ்ஜியத்தில் வைத்து, உள்ளே கூடாரத்தைக் கட்டினார்.

"ஒரு மணி நேரம் உள்ளே இருக்கணும். ஒரு தடவை இருமினாலும் பயணம் ரத்து. சம்மதமா?"

"சம்மதம். ஆனா நீங்களும் கூட உட்காரணும்."

அவள் இருமினால் தேவலை என்றே அவர் மனசு ஏங்கியது. அப்படி ஏங்கினதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

டீச்சர் சுற்றிப் பார்த்தாள். "ஏரின்னா காத்து வேணாமா? அந்த ஃபேனை முழுசாப் போடுங்க."

போட்டார். சிமெண்ட் தரையில் முளை அடிக்க முடியாமல், காலிப் பழக்கூடைகளில்தான் கயிற்றைக் கட்டியிருந்தார். கூடாரம் உப்பி, கூடைகளையும் இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் அப்பிக்கொண்டது. ஃபேனுக்கு நேராக எதையும் வைக்காதே என்று சுமை தூக்குகிறவர்களிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர், கூடாரத்தின் வாசலை ஃபேனைப் பார்த்தே வைத்திருந்தார்!

"சோதனை எனக்கா உங்களுக்கா?" டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து பழம் நிறைந்த கூடைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் காட்டித் திருப்பிக் கட்டினார்கள். இந்த முறை அது படபடத்ததே தவிர, அசையவில்லை. இருவரும் உள்ளே போய்க் கம்பளிக்குள் புகுந்தார்கள்.

பத்தாவது நிமிஷம் கிடங்குக்காரர் எழுந்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் பத்து நிமிஷத்துக்குமேல் வெளியே வராமல் உள்ளே இருந்ததில்லை. "பழக்கதோஷம்," என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். அரை மணியில் மூக்கு சிவந்தது. நாற்பதாவது நிமிஷம் கூடாரமே அதிரும்படி மூன்று இருமல் வந்தது. மூன்றும் அவருடையவை.

"இருமினா ரத்துன்னு சொன்னது யாரு?"

"அது உனக்கு!"

"நான் இருமலையே."

அவர் கம்பளியை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். பிறகு, "அந்த இருபத்திரண்டு நாளும் நான் உன் மூச்சை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்பவும் நீ தூங்கினா எண்ணுறேன். பயமா இருக்கு," என்றார். கண் கலங்கிவிட்டது.

டீச்சர் அவர் கையைத் தன் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். "என் வண்டியில பக்கத்து சீட்டுலயும் ஒரு பிரேக் இருக்கும், தெரியும்ல? கத்துக்க வர்றவங்க தப்பு பண்ணினா நான் மிதிப்பேன். ஆனா ஒரு நாள் பிரேக்குல இருந்து என் காலை எடுத்துத்தான் ஆகணும். எடுக்கலைன்னா அவங்க ஓட்டவே மாட்டாங்க. நீங்க ஒரு வருஷமா மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க."

ஒரு மணி நேரம் முடிந்தது. அவள் இருமவே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். குளிரில் பேனா எழுதாது என்பதால் கிடங்கில் எல்லோருக்கும் பென்சில்தான். காதில் செருகியிருந்ததை எடுத்து, தேதியை எழுதினார். காரணம் என்ற இடத்தில் கை தானாக ஓடியது: மனைவிக்கு உடம்பு சரியில்லை. போன வருஷம் பூராவும் எழுதி எழுதிப் பழகின வரி.

டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

அவர் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலைத் திருப்பி, தாள் கிழிந்துவிடாமல் பதமாக, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அழித்த இடத்தில் புதிதாக எழுதினார்:

மனைவி ஏரிக்குக் கூப்பிடுகிறாள்.