பொன்னம்மை நீட்டிய தூண்டில்

பொன்னம்மைக்கு ஆறு என்றால் குளிக்கிற இடம் மட்டுமில்லை. நாஞ்சில் நாட்டில் அண்ணன்மாரோடு குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவள். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, கரமனையாற்றைப் பார்த்த அன்றே அவளுக்குக் கை அரித்தது. நீளமான மூங்கில் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவளை மாமியார் முத்தாரம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"மீன் பிடிக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளை. ஆனா இந்தக் கம்பைத் தூக்கிட்டு நீ தெருவுல போனா, அழகியநம்பிக்க பெண்டாட்டி மீனுக்கு அலையுகான்னு ஊரு சொல்லும். தெருவுல ஒருத்தி கண்ணுல கம்பு பட்டுதுன்னா, அன்னைக்கே நிறுத்திரணும். கேட்டியா?"

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் அழகியநம்பி, அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட புருஷர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டான்.

பொன்னம்மை அழவில்லை. தெருவில் தெரியக்கூடாது, அவ்வளவுதானே? கம்பு ஆற்றங்கரையில் நீளமாகவும் தெருவில் குட்டையாகவும் இருந்துவிட்டால் தீர்ந்தது. கைநீளத்தில் நான்கு மூங்கில் துண்டுகளை, ஒன்றைவிட ஒன்று மெலிசாகத் தேடி எடுத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கவே, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கணுக்களைச் சுட்டுத் துளைத்து, ஒன்றுக்குள் ஒன்று போகும்படி செய்தாள். உள்ளே போகும் ஒவ்வொரு துண்டின் அடியிலும் நூல் சுற்றித் தடிப்பாக்கினாள். வெளியே இழுத்தால் அந்தத் தடிப்பு, அடுத்த குழாயின் குறுகலான வாயில் இறுகி நிற்க வேண்டும். நின்றது. துணிமூட்டைக்குள் ஒளித்து ஆற்றுக்குக் கொண்டுபோன அன்றைக்கே ஒரு மீன் கொத்தி இழுக்க, குழாயின் வாய் படக்கென்று பிளந்தது. நுனித் துண்டுகள் இரண்டும் மீனோடு போயின.

மூங்கிலைத் திட்டினாள், மீனைத் திட்டினாள், ஒரு காரணமும் இல்லாமல் புருஷனையும் திட்டினாள். மறுநாள் காலையில் மூங்கில் புட்டுக்குழலைக் கழுவும்போதுதான் கை நின்றது. வருஷக்கணக்காக ஆவியில் வேகிற மூங்கில், ஒரு கீறல்கூட இல்லை. ஏன் இருக்கப்போகிறது, வெளியே நெருக்கமாகக் கயிறு வரிந்து கட்டியிருக்கிறதே. இது கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். போன துண்டுகளுக்குப் பதில் வேறு சீவி, பிளந்த குழாயையும் மாற்றி, எல்லா வாய்களிலும் மெழுகு தேய்த்த நூலை வரிந்து கட்டினாள்.

அடுத்த முறை கொத்தியது வரால். கம்பு வில்லாக வளைந்தது. இந்த முறை வாய் பிளக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, விட்டுக் கொடுத்து, மறுபடி இழுத்து, ஒருவழியாகக் கரையில் போட்டபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தூண்டிலை மடக்கி மூட்டையில் வைத்துக் கட்டினாள். மீனைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலை எட்டும்போது எதிர்வீட்டுச் செல்லபாய் தன் வாசலில் நின்றபடியே கேள்வியில் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய வராலு எங்கேருந்து?"

"நான் பிடிச்சேன் அக்கா."

"எதை வச்சு? கையில ஒரு கம்பைக் காணல்லியே." செல்லபாய் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "எந்த ஆம்பிளை பிடிச்சுத் தந்தானோ, ஆருக்குத் தெரியும்."

தூண்டிலை எடுத்துக் காட்டினால் இன்றோடு ஆறு போயிற்று. காட்டாவிட்டால் மானம் போயிற்று. பொன்னம்மை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து முத்தாரம்மாள் இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மூட்டையை அவுரு."

"அத்தை, தெருவுல..."

"தெருவுலதான். எடுத்து நீட்டு."

பொன்னம்மை முதல் துண்டை இழுத்தாள். பிறகு அடுத்தது, அதற்கும் அடுத்தது. தூண்டில் நீண்டு நீண்டு தெருவைத் தாண்டி, செல்லபாயின் மூக்குக்கு நேரே போய் நின்றது. செல்லபாய் பின்வாங்கினாள். அந்த வழியாக வந்த மாட்டுவண்டி போக இடமில்லாமல் நின்றது.

"கொஞ்சம் நில்லும் ஓய்," என்று வண்டிக்காரனிடம் சொன்னாள் முத்தாரம்மாள். "எனக்க மருமவ அவ கையால செய்த தூண்டிலு. நல்லாப் பாத்துட்டுப் போம்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேருந்து மூட்டையில கெட்டி ஒளிக்க வேண்டாம். இப்பிடியே நீட்டிப் பிடிச்சுட்டுப் போ."