நான் திருத்தின போட்டில நான் விளையாடக்கூடாதாம்

"அது கரம் போட் இல்ல அண்ணை, தோணி. மூலையில கிறேஸ் அக்கா நீலம் பூசி வச்சிருக்கிறா. இன்னும் நம்பரும் பேரும் எழுதினா கடலுக்க இறக்கலாம்."

"தோணி எண்டா நீ ஏன் ஏறினனீ? நேற்று அதில விளையாடேக்க வாய் திறக்கேல்லயே."

"தோத்தாப் பிறகுதானே தெரியும்."

"அப்ப வெண்டிருந்தா தெரிஞ்சிராது."

கழகம் கூடுற எங்கட வாசிகசாலை யன்னலுக்கு வெளியில நிண்டு இதைக் கேட்டது நான். ஒளிச்சு நிக்கேல்ல. போட்டுக்குத் தூவுற போறிக் பவுடர் ரின்னை வச்சிட்டு வருவம் எண்டு போனனான், என்ர பேர் அடிபட்டது, நிண்டிட்டன்.

முதல் கதைச்சவர் எட்வேட். கழகச் செயலாளர். மூண்டு வருசமா கரத்தில அவர்தான் முதலாமிடம். நேற்று அரையிறுதியில என்னட்டத் தோத்தவர். மற்றவர் தலைவர் அமிர்தநாயகம் அண்ணை, முந்தி தபால்காரரா எங்கட பக்கம் கடிதம் குடுத்தவர்.

பிறகு எட்வேட் சொன்னதுதான் எனக்குக் குத்தினது.

"நானாட்டானில மச்சானிட்டப் புதுப் போட் ஒண்டு கிடக்கு. ஞாயிறு பைனலுக்கு அதைக் கொண்டருவம். கிறேஸ் அக்கான்ர பேரை வெட்டுவம். போட்டைத் திருத்தின ஆளே அதில விளையாடினா அது ஞாயமில்ல. எனக்கும் மற்ற அரையிறுதியில வெண்ட ஜமால்தீன் நானாவுக்கும் பைனலை வைப்பம்."

சரி, நடந்ததை முழுக்கச் சொல்றன்.

எனக்கு நாப்பத்தொன்பது வயசு. மனுசன் அருளப்பு கடல் தொழில். எங்கட பைபர் கடல் போட்டில ஓட்டை விழுந்தா அடைக்கிறது நான்தான், அவருக்கு றெசின் மணம் ஒத்துக்கொள்ளாது. கரம் வீட்டில பத்து வருசமா விளையாடுறன். போட்டிக்குப் பேர் குடுத்தது இதுதான் முதல் தரம். நோட்டீசில "எல்லாரும் பங்குபற்றலாம்" எண்டு இருந்தது. எல்லாரும் எண்டா நானும்தானே.

போட்டிக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க கழகத்தில இருந்த ஒரே போட் உடைஞ்சுது. திருவிழா முடிஞ்சு யாரோ ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி அதுக்கு மேல வச்சிட்டினம். ஒரு மூலை வெடிச்சு, மழைத்தண்ணியும் ஊறி, பலகை அப்பளம் மாதிரி எழும்பிட்டுது. எட்வேட் "அடுத்த வருசம் பாப்பம்" எண்டார். நானாட்டானில புதுப் போட் கிடக்கிறது அண்டைக்கு அவருக்கு ஞாபகம் வரேல்ல. நான்தான் "வீட்டை அனுப்புங்கோ, பாக்கிறன்" எண்டு சொன்னனான். அவரே ஓட்டோ பிடிச்சு ஏத்தி அனுப்பினவர். அண்டைக்கு ஒருத்தரும் ஞாயம் கதைக்கேல்ல.

வீட்டில ஓட்டை அடைக்கிற றெசின் பசை முடிஞ்சு போச்சு. கடல் போட் கட்டுற பாயிஸ் தம்பிக்குப் போன் எடுத்தன்.

"தம்பி, போட் வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் றெசின் வேணும்."

"அல்லாவே, எவ்வளவு வெடிப்பு அக்கா?"

"ஒரு சாண்."

"எஞ்சின் கழட்டியாச்சா?"

"இதுக்கு எஞ்சின் இல்லத் தம்பி."

"அப்ப வலிக்கிறதா?"

"இல்ல, சுண்டுறது."

அந்தப் பக்கம் சிரிச்ச சிரிப்பில போன் விழுந்திருக்க வேணும். எண்டாலும் வந்தவர். கையில இருந்தது நீல நிற றெசின் மட்டும்தான். அதால மூலை நீலமாப் போச்சு.

மூண்டு நாள் வேலை. அடியில பைபர் வச்சு ஒட்டி, மேல வெடிப்பை நிரப்பி, தண்ணி தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பர் போட்டன். மட்டம் பாக்கச் சாமான் இல்ல. பழைய சேலைன் குழாயில தண்ணி விட்டு நாலு மூலையும் பிடிச்சுப் பாத்தன். காய் விழுற நாலு பையும் பிஞ்சு கிடந்தது, அதையும் நண்டு வலை நூலில முடிஞ்சன்.

ஒரு பிழை விட்டனான், அதையும் மறைக்கேல்ல. கடல் போட்டுக்குச் செய்து பழகின கை. கடைசியில என்னை அறியாமலே அந்த மூலைக்கு மெழுகு தேச்சு மினுக்கிப்போட்டன். தண்ணியில வழுக்கிக்கொண்டு போகவேணும் எண்டுதானே அதுக்குத் தேய்க்கிறது. கரத்துக்கு ஒரு மூலை மட்டும் வழுக்கக்கூடாது. பிறகு ரெண்டு தரம் சுரண்டியும் முழுக்கப் போகேல்ல.

அதால போட்டி துவங்க முதலே கடதாசியில எழுதிச் சுவரில ஒட்டினன். "நீல மூலை வழுக்கும். மெதுவாச் சுண்டவும்." வந்த எல்லாருக்கும் வாயாலயும் சொன்னன். எட்வேட்டுக்கும் சொன்னன். அவர் சொன்னது, "அக்கா, எனக்குச் சுண்டப் பழக்காதேங்கோ."

அரையிறுதியில கதிரை தெரிஞ்செடுத்தது அவர். நீல மூலையைப் பாத்த கதிரை. எப்பவும் போல ஓங்கி அடிச்சார். மூண்டு தரம் காயோட சேந்து, அடிக்கிற ஸ்ரைக்கரும் பைக்குள்ள போச்சு, மூண்டு தரமும் தண்டமாக் காயைத் திருப்பி வச்சார். ரெண்டாவது ஆட்டத்துக்குக் கதிரை மாறினம். நீல மூலை எனக்கு முன்னால வந்தது. நான் மெதுவாச் சுண்டினன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப யன்னலடிக்கு வாறன். ரின்னோட உள்ள போனன்.

"அக்கா, எப்ப வந்தனீங்கள்?" எட்வேட்டுக்கு முகம் மாறிட்டுது.

"தோணியைக் கடலுக்க இறக்கேக்க வந்தனான். திருத்தின ஆள் விளையாடக்கூடாது எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

அமிர்தநாயகம் அண்ணை விதிமுறைக் கொப்பியை எடுத்தார். அது மொத்தமே ரெண்டு பக்கம். ரெண்டு பக்கத்தையும் விரல் வச்சு வாசிச்சார். "இதில ஒண்டும் இல்லையப்பா."

"இல்லாட்டி எழுதலாம்தானே," எண்டார் எட்வேட்.

"இண்டைக்கு எழுதி நேற்று விளையாடினதை அழிக்கப் போறீங்களோ?"

"நீங்கள் கோவப்படாதேங்கோ அக்கா. உங்கட கை பட்ட போட். சனம் கதைக்கும்."

நான் போட்டை நிமித்திச் சுவரில சாய்ச்சன். மேசை லாச்சியில கிடந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு பையை வெட்டினன். முடிச்சுக் கழண்டு நூல் தொங்கிச்சுது.

"என்ன செய்யிறீங்கள்? அது கழகச் சொத்து," எண்டார் எட்வேட்.

"கழகச் சொத்து உடைஞ்ச பலகை. அது பத்திரமாக் கிடக்கும். என்ர கை பட்டதுதானே பிழை, அதை மட்டும் கழட்டிக்கொண்டு போறன். பை நாலு, பிறகு நீல மூலை. அதுக்கு உளி வேணும், வீட்டை போய் எடுத்தாறன்."

அமிர்தநாயகம் அண்ணை எழும்பி வந்து போட்டுக்கு மேல கையை வச்சார். "விடு பிள்ளை. நீ திருத்தியிராட்டி எங்களுக்கு இந்த வருசம் போட்டியே துவங்கியிராது. அது எனக்குத் தெரியும், இவனுக்கும் தெரியும்."

அவரே ஜமால்தீன் நானாவுக்குப் போன் எடுத்தார். எருக்கலம்பிட்டி ஆள், பைனலில எனக்கு எதிரா விளையாட இருக்கிறவர். எங்கள் எல்லாருக்கும் கேக்கத்தக்கதாப் போட்டார்.

"அந்தக் கடதாசியை நானும் வாசிச்சனான்," எண்டார் நானா. "தங்கச்சி மறைச்சு ஒண்டும் செய்யேல்ல. வெண்ட ஆளோடதான் நான் விளையாட வருவன். தோத்த ஆளோட விளையாட எருக்கலம்பிட்டியில இருந்து வர எனக்கென்ன விசரே?"

எட்வேட் போனைப் பாக்காமல் கொப்பியைப் பாத்தார். பிறகு சொன்னார், "சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் வைப்பம். மற்ற ஊர்களில எப்பிடி எண்டு அக்கா எழுத்தில கொண்டரட்டும். இல்லாட்டி வாக்கெடுத்துப் பேரை வெட்டுறது."

"கொண்டாறன்," எண்டன்.

வெட்டின பையை அந்த இடத்திலயே இருந்து திரும்ப முடிஞ்சன். பத்து நிமிசம் எடுத்திருக்கும். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டே இருந்தினம்.

என்ர பேரை நானே விலக்க மாட்டன். வெட்டுறதெண்டா எல்லாருக்கும் முன்னால அவை வெட்டட்டும். வெட்டினாலும் ஞாயிறு ரெண்டாம் பூசை முடிய வாசிகசாலைக்குப் போய் பைனல் கதிரையில இருப்பன். ஜமால்தீன் நானாவும் வாறன் எண்டிருக்கிறார்.

இப்ப உங்களிட்டக் கேக்கிறன். இலுப்பைக்கடவையில இருந்து முள்ளிக்குளம் வரைக்கும், வேற இடங்களிலயும் கரம் விளையாடுற ஆக்கள் இதை வாசிப்பீங்கள். உங்கட ஊரில போட்டைத் திருத்தின ஆள் அதே போட்டில போட்டிக்கு விளையாடினவரா? ஊர், கழகம், எந்த வருசம் எண்டு கீழ எழுதுங்கோ. எட்வேட் சொல்றதுதான் சரி எண்டு நினைச்சா அதையும் எழுதுங்கோ, ஒரு சொல்லும் விடாமல் கூட்டத்தில வாசிப்பன். சனிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் மறுமொழி போடுங்கோ.