ஆவி மறையாத கல்

ஐம்பத்தெட்டாம் வருஷம் திருப்பாலைக்குடியில் காலிதாவுக்கு நிச்சயத்துக்கு வந்த மோதிரத்தின் கல் மூச்சு விட்டது. அதை முதலில் கண்டவள் அவளுடைய உம்மா சபியா. கல் வந்தால் வாயருகே பிடித்து ஊதிப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வைரமென்றால் படிந்த ஆவி கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும், இல்லையென்றால் சற்று நிற்கும். மூத்தவள் மலிகாவுக்கு வந்த வைரத்தில் ஆவி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்தக் கல்லிலோ ஆவி படிந்தது, சுருங்கியது, யாரும் ஊதாமலே மறுபடி படிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சர்க்கரைத் தாம்பாளத்தைப் பிடித்தபடி சபியா வேர்த்துப்போனாள்.

மாப்பிள்ளை பாக்கர் தொண்டிக்காரன், கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவன். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. இலங்கையில் மாத்தறை வைரம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த வெள்ளைக்கல்தான் இது, வைரமில்லை என்று சொல்லியேதான் கொடுத்துவிட்டிருந்தான். வருகிற வழியெல்லாம் அதை ஊதி ஊதி இடுப்புச் சாரத்து முனையால் துடைத்துக்கொண்டு வந்தானாம். சபியாவின் தம்பி மீரா சாகிபுக்குத்தான் மனசு ஆறவில்லை. "மூத்தவளுக்கு வைரம், இளையவளுக்கு வெறுங்கல்லா? ஊரு சிரிக்கும்க்கா. என் கல்லத் தாரேன், மாத்திக் கட்டிக்கங்க" என்று தன் வெள்ளி மோதிரத்து வைரத்தைக் கழற்றி வைத்தார். மாப்பிள்ளையின் தாயும் சரியென்றாள். ஆனால் ஒன்று, எதைக் கட்டினாலும் ஆயுசுக்கும் அதுதான். மூன்று நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ராசி பார்க்கும்படி காலிதாவிடமே விட்டார்கள்.

வைரத்தைப் பார்த்து அவளுக்கு ஆசை வராமல் இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பினால் சுவரெல்லாம் வானவில் தெறித்தது. வெள்ளைக்கல் அப்படி எதுவும் செய்யவில்லை. கதகதப்பாக இருந்தது, பூத்தது, தெளிந்தது. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "வைரம் அழகாத்தான் இருக்கும்மா. ஆனா அது தனியா இருக்கு. இது, கூட ஆளு இருக்க மாதிரி இருக்கு." சபியா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்காக அவள் வருத்தப்படவே இல்லை என்று சொன்னால் அது பொய். கல்யாண வீடுகளில் மலிகாவின் விரல் டாலடிக்க, இவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டுப் பாக்கர் தூங்கும்போதுதான் கவனித்தாள். அவன் நெஞ்சு ஏறும்போது கல் தெளிந்தது, இறங்கும்போது பூத்தது. அவன் தூத்துக்குடிக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. அவன் தோணியில் பாய் ஏற்றுகிற நேரத்தில் கல் வேகமாகப் பூப்பதும், சோறு தின்கிற நேரத்தில் நிதானமாவதும் பக்கத்து வீடுகளுக்கும் பழகிப்போயிற்று. ஊர் அதற்கு மேல் பேசவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் புயலில் பாக்கரையும் சேர்த்து ஏழு பேர் போன தோணி காணாமல் போனது. ஒன்பது நாள் தகவல் இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்காகத் தொழுகிற காயிப் ஜனாஸாவை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வைப்பதென்று ஜமாஅத்தில் முடிவாயிற்று. காலிதா அன்றே, புருஷனை இழந்தவள் தனித்திருக்கிற இத்தாவில் உட்கார வேண்டும், நகை கழற்ற வேண்டும். வெள்ளைச் சீலையைச் சபியாவே அழுதுகொண்டு எடுத்துவந்தாள்.

"விரல வேணும்னா வெட்டிக்கங்க உம்மா. மோதிரத்தக் கழத்த மாட்டேன். அவுக இருக்காக."

புயலுக்கு மறுநாள் கல்லில் ஆவி கடுகளவுக்குச் சுருங்கியதையும், அது திரும்பப் பூக்கும்வரை தானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பள்ளிவாசலிலிருந்து சீனி முகம்மது லெப்பையைக் கூட்டிவந்தார்கள். திரைச்சீலைக்கு வெளியே நீண்ட விரலுக்கு முன் அவர் சம்மணமிட்டு, ஆவி ஒருமுறை பூக்க ஒரு மணியென்று தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார். நூறு மணியும் தப்பாமல் போயின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மூச்சு விடுற மனுசனுக்கு ஜனாஸா தொழ எந்தக் கிதாபுலயும் எடமில்ல. சீலைய எடுத்துட்டுப் போங்க."

மற்ற ஆறு வீடுகளிலும் அந்தக் கல்லை நம்பியே தொழுகையை நிறுத்தினார்கள். அதற்கு ஐந்தாம் நாள் பாக்கர் பஸ்ஸில் வந்து இறங்கினான், உதடு வெடித்து, ஆறு பேரோடும். மன்னார்ப் பக்கம் ஒரு மணல்திட்டில் நண்டு தின்று கிடந்தார்களாம். காலிதா அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

எழுபத்தெட்டில் மலிகாவின் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மொச்சைக்கொட்டை அளவுக்கு வைரம் கொண்டுவந்தார்கள். சபியா வாயருகே பிடித்து ஊதினாள். ஆவி உடனே மறைந்தது. இன்னும் இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்திலேயே திருப்பி வைத்தாள்.

"நல்ல கல்லுதான் சம்மந்தி, கொற சொல்லல. ஆனா ஊதுன ஆள அப்பவே மறந்துருது. நெனப்பு நிக்கிற கல்லாக் கொண்டாங்க."

தன் விரலிலிருந்த வைரத்தைப் பார்த்தபடி மலிகாதான் முதல் ஆளாக ஆமென்று தலையாட்டினாள். வந்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வியாழக்கிழமை வெள்ளைக்கல்லோடு வந்தார்கள். மாப்பிள்ளையை அதில் ஊதிவிடச் சொல்லித்தான் எடுத்துவந்திருந்தார்கள்.