ஆயிரத்து இருநூறு மீட்டர் கோடு

பத்தாம் வகுப்பில் எனக்கு ஆகவே ஆகாத பாடம் பூகோளம். பார்க்காத ஆறுகளின் பெயரையும் போகப்போகாத ஊர்களின் மழையளவையும் உருப்போட்டு யாருக்கு என்ன லாபம்? சின்னக்கானலுக்குக் கீழே தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். வீட்டைத் தாண்டினால் மலை, மலையைத் தாண்டினால் இன்னொரு மலை. இதற்குமேல் என்ன பூகோளம் வேண்டிக்கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

என் அம்மா சந்தனமேரி முந்தின வருடம் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். லயத்திலிருந்து இறங்கினால் ஆற்றோரத்தில் எங்கள் வேதக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அம்மாவுக்கு அப்பாவே சிமெண்டில் சிலுவை செய்து வைத்தார். அவர் பெயர் யாக்கோபு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அங்கே போவார். புல்லைப் பிடுங்குவார், சும்மா உட்கார்ந்திருப்பார், மத்தியானம் திரும்பிவருவார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஆறு நாளையும் அவர் ஓட்டினார்.

அப்போது எங்களுக்கு ரெண்டு மைல் கீழே ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை எழும்பிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்தாம் வருடக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எஸ்டேட் ஆப்பீஸ் சுவரில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் கீழே உள்ள இடமெல்லாம் தண்ணீருக்குள் போகும், கல்லறைகளை மாற்ற விரும்புகிறவர்கள் ஜூன் மாத எடவப்பாதி மழை தொடங்குமுன் மாற்றிக்கொள்ளலாம் என்று பலசரக்குக் கடைக்காரர் வாசித்துச் சொன்னார். எங்கள் ஆட்கள் உடனே கணக்குப் போட்டார்கள். அணையிலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டர் என்றால் முக்கால் மைல். கல்லறைத் தோட்டமோ ரெண்டு மைல். அவ்வளவு தூரம் தண்ணீர் எப்படி வரும்? நிம்மதியாக டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கடல்மட்டம் என்ற வார்த்தையைக் கடைக்காரர் விழுங்கிவிட்டாரோ, நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லையோ தெரியாது. எங்களில் கடலைப் பார்த்தவர் யார்?

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பூகோள வாத்தியார் பொன்ராஜ் சார் ஒரு பெரிய வரைபடத்தைக் கரும்பலகைமேல் தொங்கவிட்டார். நாகர்கோவில்காரர். எங்கள் ஊர்க் குளிரைத் திட்டாமல் அவருக்கு ஒரு பாடமும் முடியாது.

"இந்தப் பழுப்புக் கோடெல்லாம் சம உயரக் கோடு. ஒரே உயரத்துல இருக்க எடத்தையெல்லாம் சேத்துப் போட்டது. உயரம்னா கடல்ல இருந்து அளக்கது. பரீட்சைக்கு அஞ்சு மார்க் நிச்சயம். எழுதிக்கோங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன், மண்டையில் ஏறவில்லை. மணியடித்த பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அது எங்கள் மலை. எங்கள் ஆறு நீலமாக நெளிந்துகொண்டிருந்தது. அதன் கரையில் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சின்னக் குறி. பார்த்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு கோட்டில் 1200 என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். அணை கட்டுகிற இடத்தில் விரலை வைத்து அந்தக் கோட்டோடு போனேன். மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து எங்கள் பக்கம் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. அதற்கும் மேலே போய்த்தான் ஆற்றைக் கடந்து மறுகரைக்குத் திரும்பியது. எங்கள் எஸ்டேட் குளத்தில் தண்ணீர் வற்றும்போது சுற்றுச்சுவரில் ஒரே மட்டமாகக் கறை நிற்குமே, அது ஞாபகம் வந்தது. இந்தக் கோடு அந்தக் கறைதான். தண்ணீர் தூரத்தைப் பார்த்து நிற்பதில்லை.

"சார், இந்தக் குறி கோட்டுக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "உள்ளதான். எதுக்குக் கேக்க?"

"அங்கதான் எங்கம்மா இருக்காங்க சார்."

அவர் மேஜையைத் திறந்தார். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்து, வேண்டியதை வரைந்துகொள் என்று விட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் இறுகிவிட்டது.

"ஏட்டி, ரெண்டு மைலுக்குத் தண்ணி மேல ஏறி வருமா? எந்த ஊர்லயாவது ஆறு பின்னால ஓடுமா?"

"ஏறி வராதுப்பா. நெறஞ்சு வரும். அணை உயரத்துக்கு எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் வரும்."

"ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா பெத்தவள தோண்டி எடுக்கச் சொல்லுவியோ?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு பல நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பரீட்சையும் நெருங்கியது, மழையும் நெருங்கியது. எனக்கு மழையை நினைத்துத்தான் பயம்.

ஒரு சனிக்கிழமை லயத்துக்குப் பின்னால் களிமண் குழைத்தேன். வரைந்து வந்த தாளைப் பெரிதாக்கித் தரையில் கோடு கீறி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விரல் கனத்துக்கு மண்ணை அடுக்கினேன். ஆறு போகும் பள்ளத்தை விட்டு இரண்டு பக்கமும் மலை எழும்பியது. அணைக்கு ஒரு ஓட்டுச் சில்லை, ஆயிரத்து இருநூறு அடுக்கின் மட்டத்துக்கு நறுக்கி நட்டேன். கல்லறைத் தோட்டத்தில் தீக்குச்சிச் சிலுவை ஒன்று. பக்கத்து வீட்டு சூசையப்பன் சித்தப்பா எட்டிப்பார்த்துச் சிரித்தார். அவர் மகள் பிலோமி எனக்கு விளையாட்டுத் தோழி. ஏழு வயதில் செத்துப்போய் அதே தோட்டத்தில்தான் கிடக்கிறாள்.

"பத்தாப்புப் பிள்ள மண்ணு வெளையாடுது, பாத்தியா யாக்கோபு" என்று அவர் கூப்பிட்டதில்தான் அப்பா வெளியே வந்தார்.

நான் செம்பிலிருந்து ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீரை ஊற்றினேன். அது கீழே ஓடி, ஓட்டில் முட்டி நின்றது. இன்னும் ஊற்றினேன். நின்ற தண்ணீர் மெல்லப் பின்னால் நகர்ந்தது. வந்த வழியிலேயே, பள்ளம் பள்ளமாகத் தொட்டுக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கம் போனது. சூசையப்பன் சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தீக்குச்சியின் அடிமண்ணைத் தண்ணீர் நனைத்தபோது அப்பா சட்டென்று குனிந்து அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவள அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பில்லட்டி. அதான் வராது வராதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அம்மாவை அடக்கம் செய்த அன்று ஒருதடவை, இது இரண்டாவது.

"நானும் வாறேன்ப்பா."

தீக்குச்சியை என்னிடம் நீட்டினார். "இத எங்க நடட்டும்? நீயே காட்டு."

ஆயிரத்து இருநூறுக்கு மேலே, அடுத்த கோட்டையும் தாண்டி ஓர் இடத்தைக் காட்டினேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்தில் சாமியார் வந்து ஜெபம் சொல்ல, அம்மாவைத் தோண்டி எடுத்தோம். என்ன பார்த்தோம் என்று சொல்லமாட்டேன். அவள் கட்டியிருந்த நீலச் சேலையின் கரை மட்டும் நிறம் போகாமல் இருந்தது. அப்பா தன் துண்டால் எல்லாவற்றையும் மூடி, யாரையும் தொடவிடாமல் தானே சுமந்துகொண்டு மலையேறினார். வேறு சில குடும்பங்களும் மாற்றின. சூசையப்பன் சித்தப்பா மாற்றவில்லை.

"தூங்குற பிள்ளய நான் எழுப்ப மாட்டேன். தண்ணி வந்தா வரட்டும்" என்றுவிட்டார்.

பரீட்சையில் சம உயரக் கோடு கேட்டிருந்தார்கள். பொன்ராஜ் சார் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவிட்டு வந்தேன்.

எடவப்பாதியில் அணை நிறைந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவும் நானும் அம்மாவின் புது இடத்தில் மெழுகுவத்தி ஏற்றினோம். கீழே தண்ணீர் மரத்துக்கு மரம் ஒரே மட்டமாக வளைந்து கிடந்தது. விளிம்பில் சூசையப்பன் சித்தப்பா மெழுகுவத்தியோடு தனியாக நின்றார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். நாங்கள் இறங்கிப்போனோம்.

"புஷ்பம், நீ படத்துல பாத்தியேம்மா" என்றார். "எம்பிள்ள எந்தப் பக்கம் கெடக்கா?"

எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஆறு இல்லை, பாதை இல்லை, சிலுவைகள் இல்லை. கண்ணை மூடி அந்தப் படத்தை நினைத்துக்கொண்டேன். ஆறு வளைகிற இடம், எதிர் மலையின் மூக்கு, இரண்டுக்கும் நடுவில் அந்தக் குறி. கையை நீட்டிக் காட்டினேன். அவர் அதற்கு நேராகக் கரையில் மெழுகுவத்தியை ஊன்றப் போனார்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம், சித்தப்பா" என்றேன்.

அவர் தள்ளிப்போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகு அங்கே மண்டியிட்டு ஊன்றினார்.