பட்டாள லாரியின் ஐந்து கைப்பிடிகள்

யுத்தம் முடிந்த மறு வருஷம், சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்துவந்த குற்றாலலிங்கம் பிள்ளை ஏலத்தில் ஒரு அமெரிக்கப் பட்டாள லாரி எடுத்தார். அவருடைய மகள் சிவகாமிக்கு நான் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவந்தேன். பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷமாகியும் வேறு வேலை கிடைக்கவில்லை. அம்மா கோட்டாற்றில் இருந்தாள். நான் தைக்காட்டில் ராஜபாய் என்ற விதவையின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். ராஜபாய்க்குக் காது கேட்காது. சில நாட்களில், நாலு மணிக்குச் சிவகாமியிடம் புத்தகத்தை எடு என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசுகிறேன் என்பது உறைக்கும்.

லாரி பண்டகசாலைக்குப் பின்னால் முற்றத்தில் நின்றது. பத்துச் சக்கரம். மூக்கில் இரும்புவடம் சுற்றிய ஓர் உருளை. கூடவே படங்கள் போட்ட ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. பிள்ளை அதை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளே, நீ சயன்ஸ் படிச்சவதானே? இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சு இவனுக்குச் சொல்லிக் குடு. பத்து நாள் போதும்லா?"

இவன் என்றது டிரைவர் திரவியத்தை. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். நாகர்கோவில் வழியில் பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், யுத்தக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய பஸ். பெட்ரோல் மறுபடி கிடைக்க ஆரம்பித்ததும் அந்த முதலாளி பழைய பஸ்களை விற்றுவிட்டார். நாலு மாதமாகத் திரவியத்துக்கு வேலை இல்லை. பிள்ளை என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்:

"நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டு வண்டி எடுக்கேன். நாலு பேரு முன்னால ஒழுங்கா ஓட்டிக் காட்டு, வேலை ஒனக்கு. இல்லேன்னா எனக்க மச்சினன் வேற ஒருத்தனப் பாத்து வச்சிருக்கான், கேட்டியா?"

"சரி முதலாளி" என்றார் திரவியம்.

முதல் நாள் அவர் பழக்கத்தில் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை. அமெரிக்க வண்டியில் ஸ்டீரிங் இடது பக்கம். நான் சிரித்துவிடாமலிருக்கப் புத்தகத்தைப் பார்த்தேன். அவரே சிரித்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஏலக்காரன் வளையத்தக் கழத்திட்டுக் குடுத்துட்டானோன்னு நடுங்கிட்டேன்."

எஞ்சினைக் கிளப்பத் தரையில் ஒரு குமிழ் இருந்தது, காலால் மிதிக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் தள்ளி அதே மாதிரி இன்னொரு குமிழ், அது விளக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும். மூன்றாம் நாள் அவர் அந்த இரண்டாவதையே மிதித்துக்கொண்டிருந்தார். எதிரே பண்டகசாலைச் சுவரில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கியது. மூட்டை சுமப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைகூப்பி நின்றார்கள்.

"அண்ணே, நடை தொறந்தாச்சு. தீவாராதனை நல்லா நடக்குது. சாமி எப்பம் புறப்படும்?"

"போங்கலே" என்று திரவியம் கத்தினார். காது மடல் சிவந்துவிட்டது. நான் மெல்லச் சரியான குமிழை விரலால் காட்டினேன்.

இவையெல்லாம் இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டன. பழகாதது தரையிலிருந்து முளைத்த ஐந்து கைப்பிடிகள். ஒன்று கியர், ஒன்று கைபிரேக். அவை அவருக்குத் தெரியும். நடுவிலிருந்த மூன்றும் ஒரே உயரம், ஒரே கறுப்பு உருண்டைத் தலை. ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். ஒன்று இரண்டாவது கியர்ப்பெட்டிக்கு உரியது. அதை நடுவில் நிறுத்திவிட்டால் மேலே எந்தக் கியர் போட்டாலும் வண்டி அசையாது. மூன்றாவது மூக்கிலுள்ள வடத்தைச் சுற்றும். ஒன்பது தடவை சரியாகச் சொல்வார். பத்தாவது தடவை பிள்ளையின் மச்சினன் அந்தப் பக்கம் வந்தால் கை தடுமாறிவிடும்.

நான் இரும்புக்கடைக்குப் போய் மூன்று சின்ன டப்பா பெயிண்ட் வாங்கிவந்தேன். வடத்துக்கு வெள்ளை, இரண்டாம் பெட்டிக்கு மஞ்சள், முன்சக்கரத்துக்குச் சிவப்பு. நான் புடவையோடு லாரியில் ஏறும்போது திரவியம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். ஒவ்வொரு தலையிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தேன். அது காயும்வரை அவர் கீழே நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒத்தைக்கா இருக்கியளோ டீச்சரம்மா?"

"ஆமா."

"பேச்சுத் தொணைக்கு?"

நான் பெயிண்டைத் தொட்டுப்பார்த்தேன். ஒட்டியது.

மறுநாள் அவர் சொன்னார்: "ஒங்களப் பத்தி வீட்டுல சொன்னேன். ஒருநாள் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுதா. இந்த வேலை உறுதியாவட்டும், கண்டிப்பா வரணும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் - அய்யோ, நீங்க மீன் தின்ன மாட்டியளோ?"

"மரச்சீனி தின்னுவேன்" என்றேன்.

அந்த ஒரு வாரமும் நான் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன்.

பூசைக்கு முந்திய நாள் வடத்தை இழுத்துப்பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். தேவை ஒன்றுமில்லை, புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க ஆசை. முற்றத்து மூலையில் வெட்டிப்போட்ட பலாத்தடி ஒன்று கிடந்தது. புத்தகத்தில் சொன்னபடி இரண்டாம் பெட்டியை நடுவில் நிறுத்தி, கொக்கியை மாட்டி, வெள்ளைக் கைப்பிடியைத் தள்ளினார். எட்டுப் பேர் தூக்க முடியாத தடி புல்லைச் சீவிக்கொண்டு வந்தது. திரவியம் "அம்மோ" என்றார். இருட்டத் தொடங்கியதால் வடத்தை முழுவதும் சுற்றாமல் இரண்டு ஆள் நீளத்துக்கு வெளியே விட்டுவைத்தோம், இரண்டாம் பெட்டியையும் நடுவிலேயே விட்டோம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான்.

காலையில் போனபோது முற்றத்தில் பந்தல் எழும்பியிருந்தது. கம்போளத்து வியாபாரிகள், ஒரு சர்க்கார் அதிகாரி, வீட்டுப் பெண்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாது. ஒன்பதேகாலுக்கு முகூர்த்தம். நான் பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளையின் மனைவி பகவதியம்மாள் பூசைத் தட்டோடு லாரியருகே போய், ஒருவரைப் படி வைக்கச் சொல்லி ஏறினார். ஸ்டீரிங்குக்குப் பொட்டு வைத்தார். கண்ணாடிக்கு வைத்தார். பிறகு குனிந்து ஐந்து கைப்பிடிகளுக்கும் நிறைய விபூதி பூசி, அதன்மேல் சந்தனம் அப்பி, சந்தனத்தின்மேல் குங்குமம் வைத்தார்.

வெள்ளை, மஞ்சள், சிவப்பு. எல்லாவற்றிலும்.

புது எந்திரத்துக்கு முதலில் எங்கே பொட்டு விழும் என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். பெயிண்ட் வாங்கும்போது எனக்கு அது தோன்றவில்லை. இப்போதும் நேரம் இருந்தது. பத்தடி நடந்து திரவியத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பத்தடியிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போகவில்லை.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திரவியம் இடது பக்கமாகவே ஏறினார். சரியான குமிழை மிதித்தார். ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது. சிலர் கை தட்டினார்கள். பிறகு அவர் குனிந்து பார்த்தார். சட்டென்று நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைத்தான். அவர் கண் பெண்கள் பக்கம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கியர் போட்ட சத்தம் கேட்டது. இன்னொரு கைப்பிடியும் விழுந்தது. எஞ்சின் உறுமியது. எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. லாரியின் மூக்கில் உருளை மட்டும் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. மஞ்சளுக்குப் பதில் வெள்ளையைத் தள்ளிவிட்டார்.

பந்தல்காரர்கள் கயிறு போதாமல், கைக்கு வாகாகக் கிடந்த இரும்புவடத்தின் கொக்கியை முன்கால் மூங்கிலில் மாட்டியிருந்தார்கள். வடம் விறைத்தது. மூங்கில் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தது. குலைவாழைகள் அதன் பின்னால் போயின. பிறகு மேல்துணி முழுவதும் மெதுவாக, அவசரமில்லாமல், நாற்காலிகளின்மேல் இறங்கியது.

யாருக்கும் அடிபடவில்லை. துணிக்கடியிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அதிகாரியின் தோளில் ஒரு வாழைப்பூ மடல் இருந்தது.

"என்னவே பிள்ளைவாள்," என்றார் ஒரு வியாபாரி, வேட்டியைத் தட்டிக்கொண்டே, "லாரி ஓடுகதப் பாக்க வாரும்னு கூப்பிட்டீரு. இங்க பந்தல்லா லாரிகிட்ட ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"எறங்குலே கீழ."

திரவியம் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். தோளிலிருந்த தோர்த்துத் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடத்தை வெளியே விடச் சொன்னது யார் என்றும் சொல்லவில்லை.

"தப்பு எனக்க மேலதான் முதலாளி."

"அது ஊருக்கே தெரிஞ்சாச்சே. மச்சினா, ஒனக்க ஆளு எங்க?"

"கிழக்கேகோட்டையில நிக்கான். ஆள் விட்டா கால் மணிக்கூருல வருவான்."

நான் தூணை விட்டு வந்தேன். பிள்ளையைப் பார்த்து "மாமா" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர்மேல தப்பில்ல மாமா. அடையாளத்துக்கு நான் கலர் வச்சிருந்தேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. அதுதான் அவருக்குக் கணக்கு. இப்பம் எல்லாத்துலயும் எல்லாம் இருக்கு. வடத்த வெளிய விட்டு வைக்கச் சொன்னதும் நான்தான். நேத்து எல்லாம் சரியாத்தான் செஞ்சார்."

"இந்தப் பிள்ள யாருவே?" என்று ஒருவர் கேட்டார்.

"மகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க வருகவ" என்றார் மச்சினன். "லாரிக்கும் இவதான் வாத்தியாராக்கும்."

மறுபடி சிரிப்பு. பகவதியம்மாள் சிரிக்கவில்லை.

"அப்பம் குத்தம் நான் வச்ச சந்தனத்துலயா மக்ளே?"

"இல்ல அத்தே. பெயிண்ட்டுல."

"சாமிக்கு வச்சதச் சபையில நின்னு குத்தம் சொல்லுதா பாரு" என்றார், என்னிடமில்லாமல் பக்கத்திலிருந்தவர்களிடம்.

பிள்ளை லாரியருகே போய்க் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வியாபாரி அல்லவா, ஒரே மாதிரி மூன்று மூட்டைகளை அவரும் அடையாளம் போட்டுத்தான் வைப்பார். திரும்பி, "தொடச்சுட்டு எடுலே" என்றார்.

மூட்டை சுமப்பவர்கள் மூங்கிலையும் துணியையும் ஓரமாக இழுத்துப்போட்டார்கள். திரவியம் கொக்கியைக் கழற்றி வடத்தைச் சுற்றி மாட்டினார். ஏறி, தோர்த்தால் மூன்று தலைகளையும் துடைத்தார். கியர் விழுந்தது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. லாரி சுவரில் உரசாமல், குலுங்காமல், வாசலைத் தாண்டித் தெருவுக்குத் திரும்பியது. பிள்ளை அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வியாபாரிகள் பின்னால் ஏறினார்கள். கோட்டையைச் சுற்றி வருவதாகப் பேச்சு. திரவியத்துக்கு வேலை உறுதியாகிவிட்டது என்பது அந்தத் திருப்பத்திலேயே தெரிந்தது.

வீட்டு வேலை பார்க்கும் தாசம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். என் அடிக்கோலையும் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவந்திருந்தாள்.

"சிவகாமிக் குஞ்சுக்கு இனிக் கணக்கு வேண்டாம், வீட்டுக் காரியம் படிச்சா மதியாம். அம்மா சொல்லச் சொன்னாவ."

"சிவகாமி எங்கே?"

"உள்ள இருக்கு. வெளிய வரக்கூடாதுன்னு சொல்லியாச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவ்வளவு பேரு நிக்கும்போ ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

புத்தகங்களை வாங்கிக்கொண்டேன். விழுந்து கிடந்த பந்தல்துணியைச் சுற்றி நடந்து வாசலுக்குப் போனேன்.

சாலைத்தெருவில் பாதி தூரம் வந்தபோது எதிரே அந்த லாரி திரும்பி வந்தது. தெரு குறுகல். கைவண்டிகள் ஒதுங்கின. நான் ஒரு பாத்திரக்கடைப் படியில் ஏறி நின்றேன். ஸ்டீரிங் இடது பக்கம் இருந்ததால் திரவியம் எனக்கு ஒரு கை தூரத்தில் வந்தார். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார்.

"டீச்சரம்மா, நாளைக்கு..."

"நேரே பாத்து ஓட்டுலே" என்றார் பக்கத்திலிருந்த பிள்ளை.

லாரி போய்விட்டது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் படியிறங்கினேன். இனி அந்த வீட்டுக்கு நான் போகப்போவதில்லை என்பது திரவியத்துக்கு இன்னும் தெரியாது. அவர் வீடு எந்தப் பக்கம் என்று நான் கேட்டு வைத்திருக்கவும் இல்லை.