ஒரே கார்டில் இரண்டு குடும்பம்

கோவளம் தாண்டி, கடலோரத்தில் ஒரு ஊர் போல விரிந்து கிடந்த அந்த ரிசார்ட்டுக்குள் நுழைந்ததும் தயாளனின் மணிக்கட்டில் ஊதா நிறப் பட்டை ஒன்றை மாட்டினார்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டுவது போல இருந்தது. அறுபதைத் தாண்டிய தன்னை யாரும் மாற்றி எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை, போனாலும் மனைவி கீதா புகார் கொடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

வரவேற்பில் நின்ற பெண் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் குடிக்கக் கொடுத்திருந்த எலுமிச்சை ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டார்.

“ஃபேமிலி சூட் சார். ஒரு ஹால், ரெண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம். உங்களுக்கும் சிட்டிபாபு சாருக்கும்.”

சிட்டிபாபு சார் அவருடைய அண்ணன். கோவிலம்பாக்கத்தில் ஒரே தெரு, எதிரெதிர் வீடு. பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடமாகிறது.

ஏற்பாடெல்லாம் அக்கா மகள் தமிழினியுடையது. அக்கா அஞ்சம்மாளுக்கு எழுபது வயது நிறைகிறது. இரண்டு தம்பிகளும் பக்கத்தில் நின்றால்தான் கேக் வெட்டுவேன் என்று அக்கா பிடிவாதம். “வேற ரூமே இல்ல மாமா, பொங்கல் லீவு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றாள் தமிழினி. அவள் முகத்தைப் பார்த்தால் அறை கிடைக்காத வருத்தம் கொஞ்சமும் தெரியவில்லை.

சண்டைக்குக் காரணம் தயாளனின் மகள் கல்யாணம். கூடுவாஞ்சேரி வரைக்கும் போய், பெயர் மறந்துபோன சொந்தக்காரர்களுக்கெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துப் பத்திரிகை கொடுத்தவர், எதிர்வீட்டு அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். நம்ம அண்ணன்தானே, அவருக்கு எதற்குத் தட்டு என்று நினைத்தார். அண்ணன் நினைத்தது வேறு. கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

அதற்கப்புறம் அண்ணன் எதைச் சொன்னாலும் காற்றிடம்தான் சொல்வார். “கார கொஞ்சம் தள்ளி வுட்டா நல்லாருக்கும்.” காற்று தெருவைக் கடந்து வந்து சொல்லும், தயாளன் காரை நகர்த்துவார். மன்னிப்புக் கேட்க அவர் எப்போதோ தயாராகிவிட்டார். அண்ணன் ஒரே ஒரு ‘இன்னாடா’ சொன்னால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். இந்த ரிசார்ட்டிலும் அது நடக்காவிட்டால் இனி எந்த இடத்திலும் நடக்காது என்றும் தோன்றியது. இரண்டு பேருக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, ‘இன்னாடா’ மட்டும் வரவில்லை.

அறைக்கு ஒரே ஒரு கார்டு கொடுத்தார்கள். கதவைத் திறப்பதும் அதுதான். உள்ளே வந்து சுவரில் இருக்கும் பொந்தில் செருகினால்தான் விளக்கு, ஏசி எல்லாம் வேலை செய்யும். கட்டிலின் மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். கலைக்க மனசு வராமல் தயாளன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டையே எடுத்துக்கொண்டார். ஹாலில் டிவி ஓடியது. ரிமோட்டைக் கேட்க வாயைத் திறக்க வேண்டுமே என்று அண்ணனும் தம்பியும் இருவருக்கும் புரியாத ஏதோ மொழியில் செய்தி பார்த்தார்கள். வானிலை அறிக்கைக்கு அண்ணன் தலையைக்கூட ஆட்டினார்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் நீச்சல்குளத்துக்குக் கிளம்பினார்கள். தயாளனும் போனார். அண்ணன் மட்டும் தன் பெட்ரூமில் படுத்திருந்தார். நைலான் உடுப்பு இல்லாமல் இறங்கக் கூடாது என்று காவலாளி விசில் அடித்ததால், அங்கேயே கடையில் கிளிகள் பறக்கும் அரை டிரவுசர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். கீதா தனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாதது போல மறுகரைக்குப் போய்விட்டாள். குளோரின் வாடை தாங்காமல் கொஞ்ச நேரத்தில் அறைக்குத் திரும்பி, ஒருக்களித்திருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலை முதல் கால் வரை சோப்பு போட்டார்.

விளக்கு அணைந்தது. ஜன்னல் இல்லாத குளியலறை, மை மாதிரி இருட்டு.

“அண்ணா! லைட்டு!”

கத்தியது தான்தான் என்று தயாளனுக்குப் புரியவே ஒரு நொடி ஆயிற்று. அறுபது வயசுக்காரனின் குரலாகவே அது இல்லை. பழைய வீட்டில் கரண்ட் பில்லுக்கு அப்பா போடும் சத்தத்தில் அரண்டுபோய், எந்த அறையை விட்டு வெளியேறினாலும் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் அண்ணனுக்கு. உள்ளே தம்பி படிக்கிறானா, சாப்பிடுகிறானா, கக்கூஸில் உட்கார்ந்திருக்கிறானா என்றெல்லாம் பார்ப்பது கிடையாது. தினமும் அந்த வீட்டில் இந்தக் கத்தல் கேட்கும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. கத்தல் மட்டும் தொண்டையில் இருந்திருக்கிறது.

வெளியே வாசலுக்குப் போன காலடிச் சத்தம் திரும்பி வந்தது. ‘டக்’கென்று பொந்தில் கார்டு விழும் ஓசை, வெளிச்சம்.

“உள்ள கீறியா? கதவ சாத்திகினு கம்முனு இருந்தா எனுக்கு எப்டிடா தெரியும்?”

“கதவத் தொறந்து வெச்சிகினு குளிக்கச் சொல்றியா?”

“வாய் மட்டும் அப்டியே கீது.”

பேசிவிட்டோம் என்பது அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. தயாளனுக்குக் கண் எரிந்தது. பழியைச் சோப்பின் மேல் போட்டுக்கொண்டு முகத்தைக் கழுவினார்.

துண்டோடு வெளியே வந்தபோது அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

“நீதான் மொதல்ல பேசுன” என்றார், டிவியைப் பார்த்தபடி.

“பாத்ரூம்ல கத்துறதெல்லாம் பேச்சுல சேராதுண்ணா.”

“அப்ப நானும் கதவாண்டதான் பேசுனேன். உன்னாண்ட இல்ல.”

தயாளன் எதிரில் உட்கார்ந்தார். “தட்டு எடுத்துகினு வந்திருக்கணும்ணா. தப்புதான்.”

அண்ணன் டிவியை அணைத்தார். பிறகு மெதுவாக, “நீ பத்திரிக வெச்ச வாரம் பூரா சாயங்காலம் ஆச்சுன்னா வெள்ளச்சட்ட போட்டுகினு ஹால்லயே குந்திகினு இருந்தேன். எங்கயும் போவல. நீ வர நேரத்துல நான் இல்லாம போய்டக் கூடாதுன்னு. உங்கண்ணி வேற மைசூர்பாகு வாங்கி வெச்சிருந்தா” என்றார்.

எதிர்வீட்டு ஹாலில் அந்த வாரம் விளக்கு எரிந்தது தயாளனுக்கு நினைவிருந்தது. கரண்டை இப்படி வீணாக்குகிறாரே, அண்ணன் மாறிவிட்டார் என்றுகூட நினைத்தார்.

“வா, கடலப் பாத்துட்டு வருவோம்” என்று அண்ணன்தான் எழுந்தார்.

சின்ன வயதில் காணும் பொங்கலுக்கு லோடு டெம்போவில் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கிய கரைதான் இது. அப்போது சவுக்குத் தோப்பும் நாலு கட்டுமரமும்தான். மணல் விழுந்த தக்காளி சோற்றைக் கடித்தால் கரகரவென்று சத்தம் வரும். அக்கா அதை மறைக்க அப்பளத்தை நொறுக்கிப் போடுவாள். இப்போது சாய்வு நாற்காலிகள் வரிசையாக நின்றன. அதற்கு மேல் போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அலை மட்டும் கயிற்றைக் கண்டுகொள்ளாமல் வந்துபோனது.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் தண்ணீரில் இறங்குவது இதுதான் முதல் தடவை. அலை திரும்பும்போது காலடி மண் சரசரவென்று உருவிக்கொண்டு போனது. தடுமாறியவர் தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“டேய், மண்ணு போவுதுடா. வுட்றாத.”

“நான் எங்கண்ணா வுடப் போறேன்? வுட்டா உன்ன பாண்டிச்சேரில போய்தான் எடுக்கணும்.”

“இன்னாடா நக்கலு” என்றார் அண்ணன்.

அடுத்த அலை வந்தது. தயாளன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டார்.